மிலாறுக் கூடும் நாற்பது நீலப் பூவும்

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்து ஓர் அக்கா தலவாக்கலையில் இருக்கும் என் பூக்கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். மணவறைச் சட்டமும் துணியும் வாடகைக்குப் பேசியாகிவிட்டது, பூ மட்டும் பாக்கி. கையில் இருக்கும் தொகையைச் சொன்னார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். மல்லிகை கீழ்நாட்டில் இருந்து இரவு பஸ்ஸில் ஏறி வரவேண்டும். முகூர்த்த வாரத்தில் ரோஜாவைக் கையால் தொட முடியாது. பூ குத்துகிற ஓயாசிஸ் கட்டி பெட்டியோடு வாங்கினால் அதற்கே கால்வாசி போய்விடும்.

"மாலைக்கும் பொண்ணு தலைக்கும் மட்டும் மல்லி வச்சுக்குவோம் அக்கா. மத்ததெல்லாம் நம்ம மலையில பூக்கிறதுலயே செஞ்சு தாரேன்."

"நம்ம மலையில என்னா தங்கச்சி பூக்குது? கொழுந்துதான்" என்று சிரித்தார்.

கொழுந்து பறிக்கிற தேயிலையும் பூக்கும்தான். சின்ன வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. பறிக்காமல் விட்ட மலையில் போய்ப் பார்த்தால் தூருக்குத் தூர் இருக்கும். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை என்பதால் கடை மேசையில் இருந்த ஹோர்லிக்ஸ் போத்தலைக் காட்டினேன்.

அந்தப் போத்தல் விற்பனைக்கு இல்லை. கடைக்கு வரும் வழியில் கான் (வடிகால்) ஓரத்திலும் ரோட்டோரத்திலும் கண்ணில் படுவதைத் திங்கட்கிழமை காலையில் அதில் வைப்பேன், அவ்வளவுதான். பங்குனி சித்திரையில் ஜக்கராந்தா. அது போத்தலில் ஒரு நாள்கூட நிற்காமல் மேசை முழுக்க உதிரும், ஆனாலும் வைப்பேன். வருடக் கடைசியில் தோட்டத்து ரோட்டை மஞ்சளாக்கிவிடும் காட்டுச் சூரியகாந்தி. தையில் பனி கொட்டி டேலியா எல்லாம் கருகிப்போனால் பாசி பிடித்த குச்சி நாலும் ஒரு பன்னத்தழையும். அதற்கும் ஓர் அழகு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பூவில் வேலை செய்யும் நாளைவிட இந்தப் போத்தல் வைக்கும் ஐந்து நிமிடம்தான் எனக்குப் பிடித்த நேரம். அன்று அதில் இருந்தது ஹைட்ரேஞ்சியா, ஒரே ஒரு கொத்து, பள்ளிக்கூடப் பேனா மை மாதிரி நீலம்.

அக்கா முகத்தைச் சுளித்தார். "கல்யாணத்துக்கு நீலமா? எங்க வாசல்ல இதே பூதான், ரோஸ் கலர்ல பூக்குது. அத மாதிரி கெடைக்காதா?"

"அது உங்க வாசல்ல இருக்கிற சுண்ணாம்போட வேல அக்கா" என்றேன். நம்பவில்லை. இதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

ஹைட்ரேஞ்சியாவின் நிறத்தைப் பெரும்பாலும் மண்தான் முடிவு செய்கிறது. மண் புளிப்பாக இருந்தால் அதில் உள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறி பூவை நீலமாக்கும். புளிப்பு குறைந்தால் அலுமினியம் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும், பூ ரோஸ் ஆகிவிடும். தேயிலைக்குத் தேவையான மண் புளிப்பு மண். பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை. அதனால்தான் நம் பக்கம் எந்தக் கான் ஓரத்தில் நட்டாலும் நீலமாகவே பூக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் மட்டும் கதை வேறு. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மழையில் கரைந்து ஊறும், சீமெந்துக் கானில் இருந்தும் சுண்ணாம்பு இறங்கும், அடுப்புச் சாம்பலையும் கொண்டுபோய் அங்கேதான் கொட்டுவோம். மூன்றும் புளிப்பை முறிக்கும். என் அம்மாயி வீட்டு வாசலில் ஒரே செடியில் கான் பக்கம் ரோஸாகவும் மலைப் பக்கம் ஊதாவாகவும் பூத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெள்ளை இனம் மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளையாகவே நிற்கும்.

மூன்று வாரத்தில் மண்ணை மாற்றி நிறத்தை மாற்ற முடியாது. "நீலத்த மணவறைல வச்சுப் பாருங்க, பொண்ணோட செகப்புச் சேலைக்கு எடுப்பா இருக்கும்" என்று சமாதானம் சொன்னேன். அரை மனதோடு சரி என்றார்.

அடுத்தது, பூவை எதில் குத்துவது?

ஓயாசிஸ் நல்ல சாமான்தான், அதைக் குறை சொல்லக்கூடாது. 1954இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் வெர்னன் ஸ்மிதர்ஸ் என்பவர் கொண்டுவந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாகக் குடித்து அமிழும், காம்பை எந்தக் கோணத்தில் குத்தினாலும் நிற்கும். நானும் அதில்தான் தொழில் பழகினேன். ஆனால் அது ஒருவகை பிளாஸ்டிக் நுரை, மக்காது. வேலை முடிந்து கழுவினால் பச்சைத் தூள் கானில் ஓடும். என் கடைக்குப் பின்னால் ஓடும் கான் போய்ச் சேருவது மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில். கடைக் கதவைத் திறந்தாலே அந்தத் தண்ணீர் தெரிகிறது, மனசு கேட்கவில்லை. இதையெல்லாம்விட, 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த நாளில் இருந்தே வேறு வழி தேடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் ஆற்றின் மேல் வந்த அக்கறைக்கு முன்னால் வந்தது விலைதான்.

கோழி வலையைச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் அடைத்து அதில் காம்பைச் சொருகுவது ஓயாசிஸுக்கும் முந்திய பழைய முறை. சின்ன ஜாடிகளில் அதைச் செய்து பழகியிருந்தேன். இந்த முறை வேண்டியது மணவறைக்கு இரண்டு பக்கமும் மூன்றடி ஸ்டாண்டில் வைக்கும் பெரிய அடுக்கு. வெறும் கம்பி வலை வெளியே தெரிந்தால் கோழிக்கூடு மாதிரி இருக்கும். அதை மறைக்க ஏதாவது வேண்டும். அப்போதுதான் மிலாறு ஞாபகம் வந்தது.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். அப்போது விழும் வாதுகளும் குச்சிகளும்தான் மிலாறு. லயத்து அடுப்புக்கு அதுதான் விறகு. கட்டுக்கட்டாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்து காயப்போடுவார்கள். முறுக்கிக்கொண்டு, முண்டும் முடிச்சுமாக, சாம்பல் நிறப் பாசி ஒட்டிக்கொண்டு, பார்த்தால் யாரோ உட்கார்ந்து செதுக்கியது போல இருக்கும். இருபது வருடம் அதை அடுப்பில் வைத்து ஊதியிருக்கிறேன், ஒரு நாள்கூட அதை அழகு என்று நினைத்ததில்லை.

முதல் முயற்சி அம்மாவின் அடுப்புக்கு மேலே அடுக்கியிருந்த காய்ந்த மிலாறில். வளைத்தால் படக் படக் என்று முறிந்தது. ஒரு மணிநேரத்தில் கை முழுக்கக் கீறலும் ஒரு கூடை சுள்ளியும் மிச்சம். அம்மா ஒன்றும் பேசாமல் சுள்ளியை அள்ளிக்கொண்டு போய் ரொட்டி சுட்டார்.

இரண்டாவது முயற்சிக்குப் புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் இருந்து, வெட்டி இரண்டு நாள் ஆனதை மாமா ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். இது வளைந்தது. விரல் தடிமன் வாதுகளை வட்டமாக வைத்து, மெல்லியவற்றை அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சந்திக்கிற இடத்தில் எல்லாம் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். இரண்டடி அகலத்தில் அசல் குருவிக்கூடு. நடுவில் பேசினை வைத்து, தண்ணீர் ஊற்றி, குச்சிகளையும் தண்ணீருக்குள் விட்டு, கான் ஓரத்துப் பூக்களைச் சொருகி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் கடையைத் திறந்தபோதே வாடை. தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. மிலாறின் சாயமும் பட்டையில் இருந்த மண்ணும் பாசியும் இறங்கி, காம்பெல்லாம் வழவழ என்று அழுகியிருந்தது. பச்சை மரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் வேறு என்ன ஆகும்? இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

அதனால் மூன்றாவதில் இரண்டையும் பிரித்தேன். தண்ணீரும் பூவும் பேசினுக்குள், மிலாறு பேசினுக்கு வெளியே. வலை ஒரு அங்குலக் கண். பேசினின் வாய் 14 அங்குலம். அதற்கு மூன்றடிக்கு இரண்டடி துண்டு வெட்டி, ஓரக் கம்பிகளை உள்ளே மடித்து, தளர்ந்த பந்தாகச் சுருட்டி அடைத்தேன். இறுக்கிச் சுருட்டினால் காம்பு நுழையாது. ஒரே படலமாக விட்டால் காம்பு சாய்ந்து ஆடும். மேலே ஒரு கண், அடியில் ஒரு கண் என்று ஒவ்வொரு காம்பும் இரண்டு கண்ணுக்குள் மாட்டினால்தான் நிற்கும். பேசினுக்குக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டினால் வலை மேலே எகிறாது. வலை வெட்டும்போது தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டேன்.

ஸ்டாண்டில் ஏற்றிப் பூவை அடுக்கியதும் முன்பக்கமாகச் சரிந்தது. ஆற்றுக்கல் நாலைப் பேசினுக்குள் போட்டேன். நின்றது, ஆனால் கல் இடத்தை அடைத்துக்கொண்டதில் தண்ணீர் பாதிதான் பிடித்தது. ஹைட்ரேஞ்சியா குடிக்கிற குடிக்கு அது மதியம் வரைகூடக் காணாது. கடைசியில் பெரிய பேசின் ஒன்றில் கல்லைப் போட்டு, அதற்குள் தண்ணீர் பேசினை உட்காரவைத்து, இரண்டையும் சேர்த்துக் கூட்டுக்குள் இறக்கினேன். கனம் அடியில் தங்கிவிட்டது, பிறகு ஆடவில்லை. பேசினின் பச்சை விளிம்பை மறைக்கப் பன்னமும் டேர்பன்டைன் (யூகலிப்டஸ்) தழையும். வெள்ளி மினுமினுக்கும் டேர்பன்டைன் இளந்தழை சும்மா கிடைக்கிற சாமான்களிலேயே ராஜா.

தண்ணீருக்குக் கடையில் விற்கும் பூ மருந்து வாங்கவில்லை. ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிக்காய் (எலுமிச்சை) சாறு, அரைத் தேக்கரண்டி துணி வெளுக்கிற ப்ளீச். சீனி பூவுக்குச் சாப்பாடு, புளிப்பு தண்ணீர் ஏறுவதற்கு, ப்ளீச் கிருமிக்கு. ப்ளீச்சை விட்டுவிட்டுச் சீனியை மட்டும் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

பூக்கள். நீல ஹைட்ரேஞ்சியா நாற்பது கொத்து கந்தப்பளையில் மரக்கறி போடுகிற ஒரு ஐயாவின் வேலி ஓரத்தில் இருந்து. செவ்வந்தி வெலிமடையில் இருந்து. ஆடி ஆவணியில் நம் பக்கம் மழையும் காற்றுமாக அடிக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் காய்ந்து கிடக்கும். மழை குடிக்காத செவ்வந்தி வேண்டுமென்றால் அங்கேதான் போகவேண்டும். நம் பக்கத்து ஈரச் செவ்வந்தியை வாங்கிப் பெட்டியில் வைத்தால் இரண்டாம் நாள் இதழில் பூஞ்சணப் புள்ளி விழும். கொஞ்சம் வெள்ளைக் கார்னேஷன் நுவரெலியாவில் இருந்து.

ஓடையோரம் தானாக முளைத்து நிற்கும் வெள்ளை ஆரம் லில்லியையும் வைக்க ஆசைப்பட்டேன். காம்பு நுனி பிளந்து சுருளாமல் இருக்க டேப் சுற்றி, இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் அசையாமல் நிற்கிற பூ அது. படத்தைக் காட்டியதுமே அக்கா "ஐயோ தங்கச்சி, அது சாவு வீட்டு வளையத்துல வைக்கிற பூ" என்றுவிட்டார். அதற்கு மேல் வாதாட நான் யார்? என் கடையில் அந்தப் பூவை அதிகம் வாங்குவதும் மலர்வளையத்துக்குத்தானே. ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மஹ ரத்மல் என்ற காட்டுப் பூவைக் கொண்டுவந்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். அது தேசியப் பூங்கா, இலையைக்கூடக் கிள்ளக்கூடாது என்று விரட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கந்தப்பளையில் வெட்டினோம். ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழ் என்று பார்ப்பது இதழே இல்லை, புல்லி. அது முற்றித் தோல் மாதிரி தடித்த பிறகு வெட்டினால்தான் நிற்கும், தொட்டால் மெத்தென்று இருப்பது பிஞ்சு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நிறம் பளிச்சென்று இருக்கிறதே என்று பிஞ்சுக் கொத்துகளையும் வெட்டச் சொன்னேன். காம்புகளை வாளித் தண்ணீரில் நிறுத்தி வானில் ஏற்றினோம்.

வான் ஓட்டிய தம்பி நல்ல பிள்ளை. பூவுக்குக் காற்றோட்டம் வேண்டுமே என்று நானுஓயா தாண்டியதும் பின்பக்க ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டிருக்கிறான். நான் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை என்று வழி முழுக்க ஆவணிக் காற்று உள்ளே புகுந்து அடித்திருக்கிறது. அவ்வளவு பெரிய தலையில் இருந்து காற்று உறிஞ்சுகிற வேகத்துக்குக் காம்பால் தண்ணீர் ஏற்ற முடியாது. ஹட்டன் மண்டபத்தில் கதவைத் திறந்தபோது நாற்பதில் இருபத்தாறு கொத்து பிழிந்து போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா இன்னும் வரவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஹைட்ரேஞ்சியாவிடம் ஒரு நல்ல குணம், அது தலை வழியாகவும் தண்ணீர் குடிக்கும். முழுப் பூவையும் முக்கிவைக்க ஒரு பெரிய பாத்திரம் வேண்டும். பின்பக்கம் சமையல்காரர்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமைச் சமையல்கார அண்ணனிடம் போய் ஒரு கிடாரம் கேட்டேன். "நாளைக்குச் சோறு வடிக்கிற கிடாரத்துல பூவக் குளிப்பாட்டப் போறியா?" என்று முறைத்தார். கழுவித் தருகிறேன் என்று கும்பிட்டதும் ஒன்றுக்கு இரண்டாகத் தந்தார்.

பீலிக் குழாய்த் தண்ணீர் நல்ல குளிர். இருபத்தாறையும் தலைகுப்புற முக்கி, மேலே மிதக்காமல் இருக்க ஈரத்துணி போட்டு, முக்கால் மணிநேரம். எடுத்து உதறி, இலை எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டேன். இலை நின்றால் பூவுக்குப் போகிற தண்ணீரை அது குடித்துவிடும். காம்பைச் சாய்வாக ஓர் அங்குலம் புதிதாக வெட்டி, கொதித்து இறக்கிய வெந்நீரில் நுனியை மட்டும் அரை நிமிடம் பிடித்து, பிறகு படிகாரம் எனும் சீனக்காரத் தூளில் ஒற்றி, ஆழத் தண்ணீரில் நிறுத்தினேன். வெட்டிய இடத்தில் கசியும் பசை காம்பை அடைக்காமல் சீனக்காரம் பார்த்துக்கொள்ளும். சீனக்காரமும் அலுமினிய உப்புதான். மண்ணில் இந்தப் பூவை நீலமாக்குகிற அதே சாமான் வாளியிலும் அதற்கு உதவுகிறது என்று யோசித்தபோது அந்த நிலைமையிலும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பின்னேரம் மூன்று மணிக்குப் பத்தொன்பது கொத்து கழுத்தை நிமிர்த்திவிட்டது. ஏழு எழும்பவே இல்லை. ஏழும் பிஞ்சு. யாரைக் குறை சொல்வது, நானே கை காட்டி வெட்டச் சொன்னது.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் கிடாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏழுதானே கொறையுது?" என்று கேட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டு மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு அனுப்பினார். இருட்டும் நேரம் அவன் ஒரு வாளியோடு வந்தான். ஒன்பது கொத்து ரோஸ் ஹைட்ரேஞ்சியா, அத்தனையும் நன்றாக முற்றியது. வாசலில் யாரும் தொடாமல் நின்ற செடி அல்லவா.

நீலத்துக்கு நடுவில் ரோஸை எங்கே வைப்பது என்று அரை மணிநேரம் தடுமாறினேன். ஆங்காங்கே சிதறவிட்டால் மிச்சத்தை ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு கூட்டுக்கு நாலு, இன்னொன்றுக்கு ஐந்து என்று, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் பக்கமாகவே சேர்த்து வைத்தேன். பக்கத்தில் செவ்வந்தி, கீழே பன்னம். இரண்டு பக்கமும் நீலத்தில் தொடங்கி நடுவை நோக்கி ரோஸ் ஆகிக்கொண்டே வந்தது. நான் முதலில் வரைந்து வைத்திருந்த படத்தைவிட இதுதான் நன்றாக இருந்தது.

இன்னொரு சின்னச் சேதம், சுருக்கமாகச் சொல்கிறேன். கார்னேஷனை இராத்திரிக்கு வைத்த அறையிலேயே வாழைக்குலையும் பழத்தட்டுகளும் இருந்திருக்கின்றன. பழுக்கிற பழத்தில் இருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் தூங்கிவிடும், இதழ் உள்ளே சுருண்டு திறக்கவே திறக்காது. விடியற்காலை பார்த்தபோது பாதி தூக்கத்தில் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டுத் தேயிலைப் பூக்கிளை நாலைச் செருகினேன். அக்காவின் மகன் வாளியில் சும்மா போட்டுக் கொண்டுவந்தது. யாரும் கவனிக்கவில்லை, ஒரு கொழுந்துக்கார ஆயா மட்டும் கிட்டே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பின்னேரம் நாலு மணி வரை ஒரு கொத்தும் தலை சாயவில்லை. இடையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினேன், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை லீற்றர் பிடித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் "என்னம்மா இது, மிலாற கொண்டாந்து மணவறைல வச்சிருக்க?" என்று கேட்டார். மூன்று வயதுப் பையன் ஒருவன் முட்டை இருக்கிறதா என்று கூட்டுக்குள் கைவிட்டு, பேசினைக் கவிழ்க்கப் பார்த்தான். அடியில் கல் இருந்ததால் தப்பியது.

எல்லாம் முடிந்ததும் கிடாரம் இரண்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். முற்றிய கொத்துகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அப்படியே காய்ந்து மாதக்கணக்கில் இருக்கும் என்று சொன்னதால் ரோஸ் ஒன்பதையும் அக்கா வீட்டுக்கே எடுத்துப் போனார். கம்பி வலையைக் கழுவி, வெயில் இல்லாததால் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன், கார்த்திகையில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. கூடுகளைக் கடையில் வைக்க இடமில்லை. கட்டுக்கம்பியை அவிழ்த்து மிலாறை அம்மாவிடம் கொடுத்தேன். கையில் எடுத்து முறித்துப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்கு, ஒரு கெழம போகட்டும்" என்று அடுப்புக்கு மேலே ஏற்றிவைத்தார்.